உடல் பருமன் உள்ளவர்கள் எடைக் குறைப்பைத் தொடங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து கிலோ கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறவருக்கும், எடை நூறைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆனவருக்கும் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன. இரண்டாமவருக்கு அது பொருந்துவதில்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கே கைப்பிடியைப் பற்ற வேண்டியிருக்கும் ஒருவரிடம் தினமும் அரை மணி நேரம் ஓடுங்கள் என்று சொல்லி என்ன பயன்? கீழே உள்ள கேள்விகளில் பல, பருமனோடு வாழ்பவர்கள் என்னிடம் கேட்டவை; சில, நான் ஒரு காலத்தில் பிறரிடம் கேட்கக் கூச்சப்பட்டவை. நான் மருத்துவன் அல்லன். 120 கிலோவுக்கு மேல் இருந்து, இறங்கி, இறங்கியதையெல்லாம் மறுபடி ஏற்றிக்கொண்டு, பிறகு நிதானமாக மீண்டும் இறங்கியவன். முதல் முறை ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் இந்தப் பதில்களின் அடியில் ஓடும் கேள்வி.

எனக்கு இருப்பது உடல் பருமன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். எல்லோரும் சொல்வது பி.எம்.ஐ. உயரம் 1.65 மீட்டர், எடை 98 கிலோ என்றால், 98ஐ 2.72ஆல் வகுக்க 36 வரும். 25ஐ எட்டினால் மிகை எடை, 30ஐ எட்டினால் உடல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆசிய மக்களிடம் இதைவிடக் குறைந்த எண்களிலேயே நீரிழிவும் இதய நோயும் தலைகாட்டுவதால், அவர்களைப் பொறுத்தவரை 23, 27.5 ஆகிய இடங்களிலேயே விழித்துக்கொள்வது நல்லது என்று அந்த நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

இந்தக் கணக்கு 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெட்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்வதற்காக வகுத்தது. தனி ஒருவரின் உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆகவே கூடவே இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். அந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் போனால், கொழுப்பு வயிற்று உறுப்புகளைச் சுற்றித் தேங்கியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். உடலுக்கு அதிகக் கேடு செய்வது இந்தக் கொழுப்புதான்.

எத்தனையோ முறை முயன்றும் முடியவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?

இந்தக் கேள்வியை நேராகப் பார்க்காமல் தொடங்கினால், முதல் தடுக்கலிலேயே பழைய அவமானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடல் நலமுள்ள 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் ஆராய்ந்தார். இவர்கள் யாரும் பருமனானவர்கள் அல்லர்; விரும்பி முன்வந்த, கட்டுப்பாடு மிக்க மனிதர்கள். சில வாரங்களிலேயே அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவில்லாமல் போயிற்று. சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வும் கவலையும் மிகுந்தன. கட்டுப்பாடு நீங்கிய பிறகு எவ்வளவு சாப்பிட்டும் நிறைவு வரவில்லை என்று பலர் சொன்னார்கள். பட்டினி கிடக்கும் எந்த உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது என்பது 1994இல் கண்டறியப்பட்டது. கொழுப்பு குறையக் குறைய லெப்டின் குறைகிறது. இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் கூடுகிறது. உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தவர்களிடம் இந்த மாற்றங்கள் ஓராண்டு கழிந்தும் மறையவில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2011இல் காட்டியது. அதாவது எடை குறைத்தவரின் பசி, இயல்பிலேயே மெலிந்தவரின் பசியைவிட உண்மையாகவே அதிகம். இதோடு மரபணுக்களின் பங்கும் பெரியது. பத்து மணி நேர வேலை, தூக்கமின்மை, கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் தின்பண்டம் ஆகியவையும் சேர்ந்த பிறகு, மன உறுதியை மட்டும் நம்பிப் போடும் திட்டம் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. மன உறுதி குறைவாகத் தேவைப்படும் திட்டமே நிலைக்கும்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டுமா?

பி.எம்.ஐ. 30க்கு மேல் இருந்தால் பார்த்துவிடுங்கள். பார்க்கப் பலர் அஞ்சுவது எனக்குத் தெரியும். ஒரு மருத்துவமனையின் நடைபாதையில் வைத்திருந்த எடைக்கருவியில் என்னை ஏற்றி, அது தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டதால் எண் வராமல் போகவே, ஊழியர் உரத்த குரலில் ‘பெரிய தராசு’ கேட்டு ஆள் அனுப்பியதை வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு மூன்றாண்டுகள் நான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அந்த மூன்றாண்டுகளில்தான் ரத்த அழுத்தம் எனக்குத் தெரியாமலே ஏறியது. எடையைத் தனியறையில் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மரியாதை கிடைக்கவில்லை என்றால் வேறு மருத்துவரிடம் போகலாம். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு அளவுகள், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வது வழக்கம். இரவில் பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி விழித்தல், பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குச் சிகிச்சை எடுக்காமல் எடைக் குறைப்பில் இறங்குவது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவதற்குச் சமம்.

இன்னும் முக்கியமானது, நீங்கள் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்காகத் தரப்படும் ஓலான்சபைன் போன்ற சில மாத்திரைகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்கலாம். மறுபக்கம், நீரிழிவுக்காக இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் உணவைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் எடை இறங்க இறங்க அளவு மாற்றம் தேவைப்படலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது அதன் அறிகுறி.

எவ்வளவு எடை குறைக்க இலக்கு வைக்கலாம்?

பள்ளிக்காலத்து எடையை இலக்காக வைப்பவர்கள்தான் அதிகம். அதை மறந்துவிடுங்கள். இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் நன்றாக இறங்கத் தொடங்குகின்றன. 110 கிலோ உள்ளவருக்கு இது ஐந்தரை முதல் 11 கிலோ வரை. கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது. ஆய்வகத் தாளில் தெரியும்.

அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் மட்டுமே. சுமார் மூன்றாண்டுகளில் அந்தக் குழுவினருக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த அளவீடு ஒன்று இன்னும் எளிமையானது: உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தவர் மாடிப்படி ஏறும்போது ஏன் அவ்வளவு வேறுபாட்டை உணர்கிறார் என்பதற்கு இதுவே விடை.

வாரம் எத்தனை கிலோ குறைவது சரி?

அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. எடை மிக அதிகமுள்ளவருக்குத் தொடக்கத்தில் சற்றுக் கூடலாம். முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம்; தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது அதன் மூன்று மடங்கு நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. அதேபோல ஒரு விருந்துக்கு மறுநாள் இரண்டு கிலோ கூடியிருந்தால் அதுவும் பெரும்பாலும் நீரே. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கரைகிறது. மிகக் குறைந்த கலோரி உணவு முறைகள் சிலருக்கு, குறிப்பாக நீரிழிவை விரட்ட, நல்ல பலன் தருவது உண்மை. ஆனால் அவை மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டியவை.

முதல் நாள் என்ன செய்வது?

எதையும் குறைக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

இதைக் கேட்டு ஏமாந்து போகிறவர்கள் உண்டு. திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடும் வேகத்தோடுதான் எல்லோரும் வருகிறோம். ஆனால் இரண்டு வாரம், சாப்பிடும் ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எங்கே இருந்தபடி, அப்போது பசி இருந்ததா. கலோரி கணக்குத் தேவையில்லை. ‘மாலை 6.40, வேலை முடிந்து வந்து, நின்றபடியே, டப்பாவிலிருந்து, பசி மிக அதிகம், மதியம் சரியாகச் சாப்பிடவில்லை’ என்று எழுதினால் போதும். என் முதல் நோட்டில் பதினான்கு நாட்களில் பதினோரு நாள் இதே வரி, ஏறத்தாழ இதே நேரத்தில் இருந்தது. இனிப்புத்தான் என் பிரச்சினை என்று இருபது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டியபோது மதிய உணவுதான் பிரச்சினை என்று தெரிந்தது. மதியம் புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவை நிதானமாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதும், மாலை 6.40 தானாகவே அடங்கியது. நான் குறைத்தது எதுவுமில்லை, கூட்டியதுதான்.

எழுதும்போது மறைக்கத் தோன்றும். மறைக்கத் தோன்றிய பொருளின் பெயரையே முதலில் எழுதுங்கள். அந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டு வாரம் கழிந்த பின், அடிக்கடி வரும் ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் மாற்றுங்கள். அடுத்த மாற்றம், முதல் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போன பிறகு. புதிய பழக்கம் ஒன்று தன்னியல்பாவதற்கு எடுக்கும் காலத்தை லண்டனில் அளந்து 2010இல் வெளியிட்டார்கள். நடுத்தர மதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்தொரு நாள் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எந்த உணவு முறை சிறந்தது? மாவுச்சத்தை விடுவதா, கொழுப்பை விடுவதா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவையும் மற்றதற்கு மாவுச்சத்துக் குறைந்த உணவையும் பரிந்துரைத்து ஓராண்டு பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவில் சராசரி எடைக் குறைவு முறையே 5.3 கிலோ, 6 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தவரும் இருந்தார், சில கிலோ கூடியவரும் இருந்தார். முறையைவிட, அந்த முறையில் அந்த மனிதரால் எத்தனை நாள் இருக்க முடிந்தது என்பதே எடையை முடிவு செய்கிறது.

எல்லா முறைகளுக்கும் பொதுவான சில உண்டு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, மது 7. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி. ‘நல்ல எண்ணெய்’ என்பதால் இதில் சலுகை இல்லை. குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. 25 கிராம் சர்க்கரை கலந்த பானத்தை நாளுக்கு இரண்டு முறை குடிப்பவர், எதையும் மெல்லாமலே 200 கலோரி சேர்த்துக்கொள்கிறார். பொதுவாக முதலில் எதை மாற்றலாம் என்று யாராவது கேட்டால், பானத்தைத்தான் சொல்வேன். இழப்பு மிகக் குறைவு, வரவு அதிகம்.

ஆலையில் பெரிதும் பதப்படுத்திப் பொட்டலமாக வரும் உணவுகள் பற்றி ஒரு சிறு ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. கெவின் ஹால் என்பவர் 20 பேரை ஓர் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும், வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று கொடுத்தார். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை சமமாகவே வைக்கப்பட்டன. இருந்தும் பொட்டல உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று 2019இல் வெளியான முடிவு சொன்னது. அந்த உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. மெல்ல வேண்டிய உணவைத் தேர்ந்தெடுப்பது, கலோரியை எண்ணாமலே குறைக்கும் வழி.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுப்பொருள் என்ற அளவு பெரும்பாலோருக்குப் பொருந்தும். மிகவும் பிடித்த உணவு எதையும் வாழ்நாள் முழுவதும் விலக்குவதாகச் சபதம் செய்ய வேண்டாம்.

குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடும் இடைவெளி விரதம் உதவுமா?

மாலைத் தீனியும் இரவுத் தீனியும் உள்ளவருக்கு எளிதான வேலி. மாய மந்திரம் ஏதும் இல்லை. சீனாவில் பருமனுள்ள 139 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஓராண்டு ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களும், அதே அளவு குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டவர்களும் இழந்த எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவு மருந்து எடுப்போர், கர்ப்பிணிகள், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

பத்து நிமிடம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நான் எப்படி உடற்பயிற்சி செய்வது?

நான்கு நிமிடம் நடங்கள். ஒரு நாளில் மூன்று முறை நான்கு நிமிடம் நடந்தால் பன்னிரண்டு நிமிடம். வாரந்தோறும் ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிடம் கூட்டினாலே, மூன்று மாதத்துக்குள் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தைத் தாண்டிவிடுவீர்கள். வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: நடந்தபடி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

பருமனானவரின் நடைக்கு வேறு சில தேவைகள் உண்டு. மெலிந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் இவை இருப்பதில்லை. தொடைகள் உரசி இரண்டாம் நாளே தோல் உரிந்துவிடும்; எரிச்சலுக்குப் பயந்து நடையையே நிறுத்திய பலரை எனக்குத் தெரியும். முழங்கால் வரை இறுக்கமாக நிற்கும் உள்ளாடையும், கிளம்புமுன் உரசும் இடத்தில் பூசிய வாசலினும் அதைத் தடுக்கும். காலணியைப் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்; குனிந்து கயிறு கட்டச் சிரமமாக இருந்தால் ஒட்டும் பட்டை உள்ளதை வாங்குவதில் வெட்கம் வேண்டாம். உட்கார இடம் உள்ள வழியாக, சமதரையில், வீட்டைச் சுற்றி நடங்கள். நேராக ஒரு கிலோமீட்டர் போய்விட்டால் திரும்பி வரவும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். முழங்கால் மறுத்தால் நீரில் நடக்கலாம். மார்பளவு நீரில் உடலின் சுமை மிகவும் குறைந்துவிடும்.

நடையைவிட நான் வலியுறுத்துவது நாற்காலிப் பயிற்சியை. சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, எழுந்து நின்று, மெதுவாக மீண்டும் அமர வேண்டும். முடியாவிட்டால் தொடக்கத்தில் தொடையின் மேல் கையூன்றிக்கொள்ளலாம், அல்லது இருக்கையில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து முறை. வாரத்தில் இரண்டு மூன்று நாள். இழக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசையும் பிற கொழுப்பற்ற திசுவுமாக இருப்பது சாதாரணம். போதிய புரதமும் இத்தகைய வலுப்பயிற்சியும் அந்த இழப்பைக் குறைக்கின்றன.

ஆனால் உடற்பயிற்சியால் எடை மளமளவென்று இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 100 கிலோ எடையுள்ளவர் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. நடந்து வந்த களைப்பில் குடிக்கும் ஓர் இனிப்புப் பானம் அதை ஈடுகட்டிவிடும். குறைந்த எடையைப் பிடித்து நிறுத்துவதில்தான் பயிற்சியின் முழு வலிமையும் தெரியும். நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், மயக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் உடனே நிறுத்தி அவசர மருத்துவ உதவி பெறுங்கள்.

எடையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

தினமும் பார்த்து வாரச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்வது ஒரு வழி. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைக்கடன் முடிந்து வெறும் வயிற்றில் பார்ப்பது இன்னொரு வழி. எண்ணைப் பார்த்ததும் அன்றைய நாளே பாழாகிறது என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். எடைக்கருவி எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். இடுப்பளவை மாதம் ஒருமுறை அளக்கலாம். எடை அசையாத மாதத்தில் நாடா அசைந்திருக்கும்.

நான்கைந்து மாதமாக இறங்கிய எடை நின்றுவிட்டது. எங்கே தவறினேன்?

அநேகமாக எங்கேயும் இல்லை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், தினமும் 500 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு கிலோ குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரி, உடல் அதைப் படித்ததில்லை. எடை குறைந்த உடலைச் சுமக்கவும் இயக்கவும் குறைவான ஆற்றலே போதும். அதற்கும் மேலாக உடல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியும் கூடுகிறது. தொடக்கத்தில் குறைவாக இருந்த அதே உணவளவு, சில மாதங்களில் உடலின் செலவுக்குச் சமமாகிவிடுகிறது.

அப்போது செய்ய வேண்டியது, பழைய நோட்டை எடுத்து ஒரு வாரம் மறுபடி எழுதுவது. கரண்டியின் அளவு நமக்குத் தெரியாமலே பெரிதாகியிருக்கும். ஒன்றும் மாறவில்லை என்றால், மேலும் குறைப்பதா, இங்கேயே இரண்டு மூன்று மாதம் நிற்பதா என்று முடிவு செய்யலாம். நான் நின்றேன். ஏறாமல் இருக்கப் பழகுவதும் ஒரு திறமைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கவலை வந்தால், இரவு விழித்திருந்தால் சாப்பிட்டுவிடுகிறேனே?

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் மிகை எடையுள்ளவர்களை ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவைத்த ஆய்வு ஒன்றில், உணவைப் பற்றி எந்த அறிவுரையும் தராமலே அவர்கள் உட்கொண்டது நாளுக்கு 270 கலோரி அளவில் குறைந்தது. இது 2022இல் வெளியானது. பகல் முழுவதும் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் இரவுத் தீனிக்கு முதன்மையான காரணம்.

குறுகிய நேரத்தில், நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிட்டுப் பிறகு குற்ற உணர்வில் தவிப்பது வாரந்தோறும் நிகழ்கிறதென்றால், அது பெருந்தீனிக் கோளாறாக இருக்கலாம். அதற்கு உளவியல் சிகிச்சை உண்டு; நன்றாகப் பலன் தருகிறது. அதைக் கவனிக்காமல் உணவைக் கட்டுப்படுத்தினால் கோளாறு தீவிரமாகும்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வது குறுக்கு வழியா?

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை யாரும் குறுக்கு வழியில் போகிறார் என்று சொல்வதில்லை. வாரம் ஒருமுறை போடும் செமக்ளூடைடு ஊசியால் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறியது. அதே போன்ற இன்னொரு வார ஊசியான டிர்செபடைடு அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 சதவீதம் குறைத்தது. இவை பசியையும் உணவைப் பற்றிய ஓயாத நினைப்பையும் தணிக்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். கணைய அழற்சி அரிதாக வரக்கூடும். செமக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே நீண்ட காலச் சிகிச்சை என்ற மனநிலையோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் எடுக்க வேண்டும். பி.எம்.ஐ. 35க்கு மேல் உள்ளவர்களுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சையும் பரிந்துரைக்கப்படுகிறது. மருந்தோ அறுவையோ எடுத்தாலும் புரதம், நடை, நாற்காலிப் பயிற்சி எதுவும் ரத்தாவதில்லை.

வீட்டில் இருப்பவர்களே கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது?

திட்டத்தை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டாம். ஒருவரிடம் மட்டும், செய்யக்கூடிய ஓர் உதவியாகக் கேளுங்கள்: ‘இந்தத் தின்பண்டத்தை மேசை மேல் வைக்காமல் அலமாரிக்குள் வைத்தால் போதும்’ என்பது போல. ‘எனக்கு ஆதரவாக இரு’ என்றால் என்ன செய்வதென்று யாருக்கும் புரிவதில்லை. அறிவுரையாகக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு வாரம் முழுதும் தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு வாரம் தவறினால் அடுத்த வேளை உணவிலிருந்து தொடருங்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அல்ல. ஈடுகட்டப் பட்டினி கிடக்கவும் வேண்டாம்; அது அடுத்த பெருந்தீனிக்கு முன்பணம்.

குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பது எப்படி?

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் தக்கவைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். குறைத்த வழிகள் பலவாக இருந்தாலும், தக்கவைத்த வழிகளில் ஒற்றுமை தெரிகிறது: நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர உடலியக்கம், பெரும்பாலும் நடை, வாரம் ஒருமுறையாவது எடை பார்த்தல், வார நாளிலும் விடுமுறை நாளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி உணவு.

முதல் முறை நான் நான்கு மாதத்தில் இருபத்திரண்டு கிலோ குறைத்தபோது, இலக்கை எட்டிய அன்றே நோட்டை மூடினேன், எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முதல் மூன்று கிலோ ஏறியது சட்டைக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது ஒன்பது கிலோ ஏறியிருந்தது, அதன் பிறகு பார்க்கவே துணிவு வரவில்லை. இப்போது எனக்கு ஓர் எண் இருக்கிறது: நின்ற எடைக்கு மேல் இரண்டரை கிலோ. வாரச் சராசரி அதைத் தொட்டால், காரணம் எதுவானாலும், அன்று மாலையே நோட்டைத் திறந்து மணி, பொருள், பசி என்று எழுதத் தொடங்குகிறேன். ஐந்தாண்டுகளில் நான்கு முறை திறந்திருக்கிறேன். அதில் மூன்று முறை, மதிய உணவு மறுபடி கைநழுவியிருந்தது.